சின்னமுத்து: புள்ளி மறைந்த பின்னும் மறையாத கேடு

(கிராம மக்கள் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"சின்னமுத்துத்தானே, பத்து நாளில் வந்து போய்விடும்" என்ற சொல்லை நம் ஊர்களில் கேளாதார் இல்லை. பெயரில் 'சின்ன' என்ற அடை ஒட்டிக்கொண்டிருப்பதால் நோயும் சின்னது என்று எண்ணிவிட்டோம் போலும். பெரியம்மை பெரியது, ஆகவே அஞ்சத்தக்கது. சின்னமுத்து சிறியது, ஆகவே பொறுக்கத்தக்கது என்பது நம்மிடையே வேரூன்றிய எண்ணம். அந்தப் பெரியம்மை 1980ஆம் ஆண்டில் உலகிலிருந்தே ஒழிந்துவிட்டதென அறிவிக்கப்பட்டது. சின்னமுத்தோ 2023ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஒரு இலட்சத்து ஏழாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொன்றதாக உலக சுகாதார நிறுவனம் கணித்தது. அவர்களுட் பெரும்பாலோர் ஐந்து வயது நிரம்பாத பிள்ளைகள். எது பெரியது, எது சின்னது?

இன்று நாம் உங்கள் முன் எடுத்துரைக்க விரும்புவது ஒன்றே. புள்ளி தோன்றுவது தோலில். ஆனால் நோய் நடப்பது தோலில் மட்டுமன்று. சுவாசப்பை, ஈரல், குடல், கண், மூளை என்று உடம்பின் உள்ளறைகளிலெல்லாம் அது புகுகின்றது. தோலைப் பார்த்து "இறங்கிவிட்டது" என்று நாம் ஆறுதல் கொள்ளும் வேளையில் உள்ளே வேறொரு கேடு தொடங்கியிருக்கக்கூடும்.

1912ஆம் ஆண்டில் பேர்லின் நகரில் இரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி, சின்னமுத்தைத் தொடர்ந்து வந்த நியூமோனியாவினால் இறந்தாள். அவளது சுவாசப்பையை மருத்துவர்கள் போர்மலினில் இட்டுப் பாதுகாத்தார்கள். நூறாண்டுகளுக்கு மேலாக மருத்துவ அரும்பொருட்சாலையில் இருந்த அந்தச் சுவாசப்பையிலிருந்து, நோயை விளைத்த வைரசின் மரபுப் பொருளை அறிஞர்கள் பிரித்தெடுத்து 2020ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். அந்த ஆராய்ச்சி சொன்ன செய்தி கமக்காரர்களாகிய உங்களுக்குப் புதுமையாக இராது. மாடுகளை மந்தை மந்தையாகக் கொன்ற மாட்டுக் கொள்ளைநோயின் வைரசும் மனிதனின் சின்னமுத்து வைரசும் ஒரே மூலத்திலிருந்து பிரிந்தவை. அந்தப் பிரிவு கி.மு. 6ஆம் நூற்றாண்டளவிலேயே நிகழ்ந்திருக்கலாம் என்பது அவர்களது கணிப்பு. ஆயிரமாயிரமாய் மக்கள் நெருங்கி வாழும் நகரங்கள் எழுந்தபோது, மந்தையில் வாழ்ந்த நோய்க்கு மனிதனிடமும் நிலையான குடியிருப்புக் கிடைத்தது போலும்.

கொள்ளைநோய் பிடித்த மாட்டை நினைவுகூரும் முதியவர்கள் இங்கிருக்கக்கூடும். கண்ணிலும் மூக்கிலும் நீர் வடியும், வாய் புண்ணாகும், கழிச்சல் கண்டு மாடு சாயும். சின்னமுத்துப் பிள்ளையையும் சற்று எண்ணிப் பாருங்கள். கண் சிவந்து நீர் வடிகின்றது, மூக்கு ஒழுகுகின்றது, கன்னத்தின் உட்புறத்தில் உப்புப் பரல் போன்ற வெண்புள்ளிகள் தோன்றுகின்றன, வயிற்றோட்டமும் காண்கின்றது. உறவு தெரிகிறதல்லவா? மாட்டின் தோலைப் பார்த்து நோயை அளந்தவர் எவருமில்லர். பிள்ளையின் நோயை மட்டும் ஏன் தோலைக்கொண்டு அளக்கின்றோம்?

நோய் உடம்பினுள் செல்லும் வழியை இனிப் பார்ப்போம். நோயாளி இருமியும் தும்மியும் விட்ட காற்றில் இந்த வைரசு இரண்டு மணி நேரம் வரை உயிர்ப்போடு நிற்கக்கூடியது. அவர் எழுந்து போன அறைக்குள் பின்னர் நுழைபவரையும் அது பற்றலாம். மூச்சோடு உட்சென்றதும் அது முதலில் பற்றுவது, நோயை எதிர்க்க வேண்டிய காவற் கலங்களையே. அக்கலங்களே அதனைச் சுமந்து நிணநீர்க் கணுக்களுக்கும் மண்ணீரலுக்கும் தொண்டைச் சதைக்கும் கொண்டு செல்கின்றன. அங்கு பெருகி இரத்தத்தில் கலந்து ஏனைய உறுப்புகளையெல்லாம் அடைகின்றது. ஏறத்தாழப் பத்தாம் நாளிற் காய்ச்சல். பதினான்காம் நாளளவிற் புள்ளி. புள்ளி தோன்றுவதற்கு நான்கு நாட்களுக்கு முன்பிருந்தே பிள்ளை பிறருக்கு நோயைப் பரப்பிக்கொண்டிருக்கின்றது. ஆதலால் புள்ளி கண்ட பின் அயலாரை விலக்குவது நல்லதேயாயினும், அது பிந்திய காவல்.

1931ஆம் ஆண்டில் அமெரிக்கரான வார்த்தினும் ஜேர்மனியரான பிங்கெல்டேயும் தனித்தனியே ஓர் உண்மையைக் கண்டார்கள். வேறு காரணத்துக்காக அறுத்தெடுக்கப்பட்ட தொண்டைச் சதையில், பல கலங்கள் ஒன்றாகக் கலந்து உருவான இராட்சதக் கலங்கள் காணப்பட்டன. அந்தப் பிள்ளைகளுக்குச் சில நாட்களின் பின்னரே சின்னமுத்துப் புள்ளி தோன்றியது. குடல்வாலிலும் இத்தகைய கலங்கள் உண்டாகின்றன. அதனாலேயே சின்னமுத்துக் காய்ச்சலில் அரிதாகக் குடல்வால் அழற்சியும் நேர்கின்றது. வயிற்றின் வலப்பக்கக் கீழ்ப்புறத்தில் கடும் வலி என்று பிள்ளை அழுமாயின், அதனைப் பத்தியக் குறைவென்று தள்ளிவிடலாகாது.

உயிரை அதிகமாகக் கவர்வது சுவாசப்பைக் கேடு. சின்னமுத்துக் கண்ட பிள்ளைகளுள் இருபதில் ஒருவருக்கு நியூமோனியா நேர்கின்றது. வைரசு தானே சுவாசப்பையைத் தாக்குவதும் உண்டு. அது புண்படுத்திய இடத்தில் வேறு கிருமிகள் குடியேறுவதும் உண்டு. பத்தில் ஒரு பிள்ளைக்குக் காதில் அழற்சி உண்டாகின்றது. அதனாற் செவிப்புலனை நிரந்தரமாக இழந்தோரும் உளர்.

ஈரலுக்கு நேரும் கேடு பலரும் அறியாதது. வளர்ந்தவர்களுக்குச் சின்னமுத்துக் கண்டால் ஈரல் பாதிப்புறுவது அரிதன்று. பெரும்பாலும் இரத்தப் பரிசோதனையில் மட்டுமே அது வெளிப்படும். சிலருக்குச் செங்கமாரியாகக் கண்ணிலும் தோலிலும் தெரியும். அநேகருக்கு அது தானே தேறிவிடுகின்றது. இன்னும் அரிதாக, வயிற்றின் பின்புறத்திலுள்ள சதையி அழற்சியுற்றுப் பொறுக்கவொண்ணாத வலியைத் தருகின்றது. இதயத் தசை அழற்சியுற்றவர்களும் உளர். இவை அரியவை என்பது உண்மை. ஆனால் நோய் ஆயிரக்கணக்கானோரிடையே பரவும்போது, ஆயிரத்தில் ஒருவருக்கு வருவதும் ஒவ்வொரு பிரதேசத்திலும் வந்தே தீரும். அந்த ஒருவர் எவர் வீட்டுப் பிள்ளை என்பதை முன்கூட்டிச் சொல்ல வல்லவர் எவர்?

கண்ணைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். கருவிழியை மூடியிருக்கும் கண்ணாடி போன்ற படலம் இந்நோயிற் புண்படுகின்றது. போதிய ஊட்டம் பெற்ற பிள்ளைக்கு அது பெரும்பாலும் ஆறிவிடும். விற்றமின் ஏ குறைந்த பிள்ளைக்கோ, இருக்கும் சிறிதளவு விற்றமினையும் சின்னமுத்து உறிஞ்சிவிடுவதால், அப்படலம் உலர்ந்து கரைந்து பார்வையே அழிந்துபோகக்கூடும். ஆபிரிக்காவிலும் ஆசியாவிலும் எண்ணற்ற பிள்ளைகள் இவ்வாறு இருளில் வீழ்ந்தார்கள்.

தென்னாபிரிக்காவின் கேப் டவுன் நகரில், கடுஞ் சின்னமுத்துடன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 189 பிள்ளைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு விற்றமின் ஏ கொடுத்தார்கள். மற்றதற்கு வெறும் மருந்துப் போலி. 1990ஆம் ஆண்டில் வெளியான அந்த ஆராய்ச்சியின்படி இறந்த பிள்ளைகள் 12 பேர். அவர்களுள் 10 பேர் விற்றமின் பெறாத பிரிவினர். இன்று சின்னமுத்துக் கண்ட பிள்ளைகளுக்கு, வயதுக்கேற்ற அளவில், அடுத்தடுத்த இரு நாட்களில் விற்றமின் ஏ கொடுக்க வேண்டுமென்பது உலக சுகாதார நிறுவனத்தின் விதி.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். விற்றமின் ஏ நோயை வராமல் தடுப்பதன்று. அளவு கடந்தால் அதுவே ஈரலுக்கு நஞ்சு. 2025ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் 762 பேருக்குச் சின்னமுத்துக் கண்டு, பள்ளி வயதுப் பிள்ளைகள் இருவர் இறந்தபோது, தடுப்பூசியை விடுத்து விற்றமின் ஏயைத் தாமே அளவின்றிக் கொடுத்த பெற்றோரும் இருந்தார்கள். அந்தப் பிள்ளைகள் சிலரது ஈரலின் தொழிற்பாடு குலைந்திருந்ததை மருத்துவர்கள் கண்டார்கள். நோய் செய்யாத கேட்டை மருந்து செய்தது! மருத்துவர் அளந்து கொடுப்பது மருந்து. நாமே அள்ளிக் கொடுப்பது மருந்தன்று. முருங்கையிலையும் பப்பாசியும் மாம்பழமும் முட்டையும் நம் வளவிலேயே கிடைப்பவை. அவற்றை ஆண்டு முழுவதும் பிள்ளைக்கு ஊட்டுவதில் எவ்வித ஆபத்தும் இல்லை.

இனி மூளைக்கு வருவோம். ஆயிரம் பேரில் ஒருவருக்குச் சின்னமுத்தோடு மூளை அழற்சி நேர்கின்றது. பெரும்பாலும் புள்ளி தோன்றிச் சில நாட்களுள், பிள்ளை தேறிவருகிறதென்று வீட்டார் மகிழும் நேரத்தில், மீண்டும் காய்ச்சல், வலிப்பு, மயக்கம் என்று அது வருகின்றது. சிலர் இறக்கின்றனர், பிழைத்தவருட் சிலர் பேச்சையும் நடையையும் அறிவையும் இழக்கின்றனர்.

இதனினும் கொடியது ஒன்றுண்டு. மருத்துவர்கள் அதனை எஸ்.எஸ்.பி.ஈ. என்று சுருக்கி அழைப்பர். கூரையின் வளைமரத்துக்குள் கறையான் புகுந்திருப்பது வெளியே தெரியாது. ஒருநாள் மரம் இற்றுவிழும்போதே தெரியும். அதுபோலச் சின்னமுத்து மாறிப் பெரும்பாலும் ஏழு முதல் பத்து ஆண்டுகள் கழிந்த பின், நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளை பாடத்திற் பின்தங்குகின்றது, குணம் மாறுகின்றது, கையும் காலும் திடீர் திடீரென்று வெட்டி இழுக்கின்றன, பின்னர் பேச்சும் நினைவும் ஒடுங்குகின்றன. மூளையிற் பதுங்கியிருந்த அதே சின்னமுத்து வைரசே இதற்குக் காரணம். குணமாக்கும் மருந்து இன்றுவரை இல்லை. பெரும்பாலானோர் ஒன்று முதல் மூன்று ஆண்டுகளுள் இறக்கின்றனர். பச்சிளம் பருவத்திற் சின்னமுத்துக் கண்டவர்களுக்கே இந்த ஆபத்து மிகுதி. கலிபோர்னியாவில் 1988 முதல் 1991 வரை பரவிய நோயைப் பின்னர் ஆராய்ந்தபோது, ஒரு வயது நிரம்பாமல் நோயுற்ற பிள்ளைகளுள் ஏறத்தாழ 600 பேருக்கு ஒருவர் இக்கேட்டுக்கு ஆளானார் எனக் கண்டார்கள். 2025ஆம் ஆண்டிலும் லொஸ் ஏஞ்சலிஸில் பள்ளி வயதுப் பிள்ளை ஒன்று இவ்வாறே இறந்தது. தடுப்பூசி பெறும் வயதை அடைவதற்கு முன், கைக்குழந்தையாக இருந்தபோது அதற்குச் சின்னமுத்துக் கண்டிருந்தது.

இங்கே ஒரு கணம் நின்று சிந்திக்க வேண்டும். அந்தப் பிள்ளையின் பெற்றோர் என்ன தவறு செய்தனர்? தடுப்பூசி போடும் வயது வரவில்லை. அதனைச் சூழ்ந்திருந்தோர் யாவரும் காப்புப் பெற்றிருந்தால் நோய் அதனை அணுகியிராது. பிறர் வேலியில் விட்ட பொட்டு, இந்தப் பிள்ளையின் வீட்டுக்குள் நோயை விட்டது.

கடைசியாக, கண்ணுக்குத் தெரியாத ஓர் உறுப்பைப் பற்றிச் சொல்லுவோம். அதுதான் உடம்பின் நினைவு. ஒருமுறை வந்த கிருமியை உடம்பு மறப்பதில்லை. மறுமுறை வந்தால் அடையாளங் கண்டு விரட்டுகின்றது. அந்த நினைவு நம் உடம்பின் விதைநெல். சின்னமுத்து அந்த விதைநெல்லையே தின்றுவிடுகின்றது. 1908ஆம் ஆண்டிலேயே, காசநோய்க் கிருமிக்கு உடம்பு தோலிற் காட்டும் எதிர்வினை சின்னமுத்துக் காலத்தில் மறைந்துபோவதை வியன்னாவைச் சேர்ந்த பேர்கே என்ற மருத்துவர் எடுத்துக்காட்டினார். 2019ஆம் ஆண்டில், நெதர்லாந்தில் தடுப்பூசி பெறாத 77 பிள்ளைகளின் இரத்தத்தை நோய்க்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டபோது, வேறு நோய்களுக்கு எதிராக அவர்கள் சேர்த்துவைத்திருந்த எதிர்ப்புப் பொருள்களுள் நூற்றுக்கு 11 முதல் 73 வரை அழிந்திருக்கக் கண்டார்கள். சின்னமுத்து மாறிய பிள்ளை இரண்டு மூன்று ஆண்டுகள் வரை அடிக்கடி காய்ச்சலும் சளியும் கழிச்சலுமாய் நலிவதற்கு இதுவே காரணம். "சின்னமுத்து வந்து போனால் உடம்பு உரமாகும்" என்ற பழஞ்சொல்லை இனியும் நாம் சொல்லலாமா?

நம் வழக்கங்களைப் பற்றியும் ஒளிவின்றிப் பேச வேண்டும். வாசலில் வேப்பிலை செருகுவதையும் அம்மாளை வேண்டுவதையும் நாம் குறைகூற வரவில்லை. வேப்பிலை கண்ட அயலவர் வாராது நிற்பதில் நன்மையும் உண்டு. ஆனால் அம்மாள் பெயரால் பிள்ளைக்கு உணவை மறுப்பதும், நீரைக் குறைப்பதும், மருத்துவரிடம் காட்ட மறுப்பதும் பக்தியாகா. பால், கஞ்சி, இளநீர், பழம் யாவும் கொடுங்கள். பிள்ளை மூச்சு வாங்கினால், நெஞ்சு உள்வாங்கினால், வலிப்புக் கண்டால், எழுப்பவும் எழாது கிடந்தால், குடிக்க மறுத்தால், கண்ணில் வெண்மை படர்ந்தால், செங்கமாரி கண்டால், புள்ளி மறைந்த பின்னும் காய்ச்சல் நின்றால், அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். நோயாளியோடு பழகிய தடுப்பூசி பெறாத பிள்ளைக்கு, 72 மணி நேரத்துள் ஊசி போட்டால் நோயைத் தடுக்கவும் கூடும். ஆகவே காத்திராமற் கேளுங்கள்.

தடுப்பூசியைப் பற்றிய அச்சத்தின் விலையை அறிய வேண்டுமாயின் பசுபிக் கடலிலுள்ள சமோவாத் தீவைப் பாருங்கள். 2018ஆம் ஆண்டு யூலையில் அங்கு இரு குழந்தைகள் ஊசி போட்டவுடன் இறந்தன. ஊசிமருந்தைக் கரைப்பதற்குரிய நீருக்குப் பதிலாகத் தாதியர் வேறொரு மருந்தைக் கலந்த தவறே காரணம், தடுப்பூசியிற் குற்றமில்லை. ஆயினும் அரசு ஊசித் திட்டத்தை நிறுத்திவைத்தது. மக்களின் நம்பிக்கை தளர்ந்தது. ஊசி பெற்ற குழந்தைகளின் தொகை நூற்றுக்கு 31 அளவுக்கு வீழ்ந்தது. அடுத்த ஆண்டே சின்னமுத்துப் புகுந்தது. ஏறத்தாழ இரண்டு இலட்சம் மக்கள் வாழும் அச்சிறு நாட்டில் 5,700 பேருக்கு மேல் நோயுற்று, 83 பேர் மாண்டனர். பெரும்பாலோர் ஐந்து வயதுக்குட்பட்டோர். தவறு நேர்ந்தபோது அதனை மறைக்காது விளக்கி, திருத்தி, நம்பிக்கையை மீட்பது ஆட்சியாளர் கடன். அந்தக் கடன் தவறினால் அதற்கு வட்டி செலுத்துவது பிள்ளைகளே.

நம் நாட்டின் கணக்கையும் பார்ப்போம். இலங்கையில் 1984ஆம் ஆண்டிற் சின்னமுத்துத் தடுப்பூசி தொடங்கிற்று. 1999 - 2000 ஆண்டுகளிலும் 2013 - 2014 ஆண்டுகளிலும் நோய் மீண்டும் பரவியது. பின்னைய பரவலில் ஒரு வயது நிரம்பாத குழந்தைகள் பலர் நோயுற்றனர். அதன் பயனாக முதல் ஊசி ஒன்பதாம் மாதத்துக்கே மீண்டும் கொண்டுவரப்பட்டது. 2019ஆம் ஆண்டில் இலங்கை சின்னமுத்தை நீக்கிய நாடென உலக சுகாதார நிறுவனம் உறுதிசெய்தது. பெருமைப்படத்தக்க செய்தியே. ஆனால் 2023ஆம் ஆண்டில் நோய் மறுபடியும் தலைகாட்டியது. நூற்றுக்கு 95 பேர் காப்புப் பெற்றிருந்தாலன்றி இந்நோயை ஊருக்கு வெளியே நிறுத்த இயலாது. கிளுவை வேலி நூறு முழம் நன்றாக நின்றாலும், ஒரு பொட்டு இருந்தால் ஆடு புகுந்து பயிரை மேய்ந்துவிடும் என்பதை உங்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

மாட்டுக் கொள்ளைநோயைக் குறிப்பிட்டோம். 1987ஆம் ஆண்டில், நெடுங்காலம் இந்நாட்டிற் காணப்படாதிருந்த அந்நோய், இந்தியப் படையினரோடு வந்த ஆடுகளின் மூலம் மீண்டும் புகுந்து நம் மாடுகளை அழித்தது. கால்நடை வைத்தியர்கள் ஊசியோடு பட்டி பட்டியாகச் சென்றார்கள். 1994ஆம் ஆண்டோடு இலங்கையில் அது அடங்கிற்று. 2011ஆம் ஆண்டில் அது உலகிலிருந்தே ஒழிந்ததென அறிவிக்கப்பட்டது. ஒரே மூலத்திற் பிறந்த இரு நோய்களுள் மாட்டின் நோயை ஊசியால் ஒழித்துவிட்டோம். பிள்ளையின் நோயை இன்னும் விட்டுவைத்திருக்கின்றோம். மாட்டுக்குக் காட்டிய கருத்தைப் பிள்ளைக்குக் காட்டக் கூடாதா?

1974ஆம் ஆண்டு முதல் ஐம்பது ஆண்டுகளில் தடுப்பூசிகள் 15 கோடியே 40 இலட்சம் உயிர்களைக் காத்தன என்றும், அவற்றுள் நூற்றுக்கு 60 சின்னமுத்துத் தடுப்பூசி காத்தவை என்றும் கணக்கிட்டுள்ளார்கள். அந்த ஊசி நம் நாட்டில் இலவசம். ஒன்பது மாதத்தில் ஒன்று. மூன்று வயதில் ஒன்று.

ஆகவே, தாய்மார்களே, தந்தைமார்களே! இன்றிரவு வீட்டுக்குச் சென்றதும் பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டை எடுத்து விளக்கின் முன் விரித்துப் பாருங்கள். அந்த இரு கட்டங்களும் நிரப்பப்பட்டிருக்கின்றனவா? இல்லையேல் நாளையே குடும்பநல மருத்துவமாதிடம் சொல்லுங்கள். இடம்பெயர்ந்த காலத்தில் பதிவேட்டைத் தொலைத்தவர்கள் வெட்கப்பட்டு ஒதுங்க வேண்டாம். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்பது உங்கள் உரிமை. ஆசிரியர்களே, உங்கள் வகுப்பிலும், கமக்காரப் பெரியோர்களே, உங்கள் அயலிலும் எந்தப் பிள்ளை விடுபட்டிருக்கின்றது என்று விசாரியுங்கள். வேலியிற் பொட்டு எங்கேயென்று காண்பது ஊராரின் கடமை. அதனை இந்தக் கிழமைக்குள்ளேயே அடைத்துவிடுவோம்.